வாட்டிலுக்கு வைத்த காய்த் தட்டு

போன மாசம் டாக்டரம்மா ஒருத்தர் போன் பண்ணினார். ஆம்பூர் பக்கத்தில் நான் ரொம்ப காலம் கம்பவுண்டராக இருந்த கால்நடை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருப்பவர். ஸ்டோர் ரூமை ஒழிக்கும்போது நீலக்கரை போட்ட பெரிய எனாமல் தட்டு ஒன்று கிடைத்ததாம். அதன் அடியில் கறுப்புப் பெயிண்டில் 'காய்த் தட்டு' என்று எழுதியிருக்கிறதாம். "சார், இது காளைக்குக் காயடிக்கிறப்ப வெக்கிற தட்டுங்களா?" என்று கூச்சத்தோடு கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

அதில் வைத்தது கேரட், பீன்ஸ், பரங்கிக்காய் என்றேன். மாட்டுக்கா என்றார். இல்லம்மா, நாய்க்கு என்றேன். இப்போது அவருக்குச் சிரிப்பு. இந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்களாம். நாய்க்கு கேரட் போடலாமா, ப்ரோக்கோலி போடலாமா, செல்போனில் ஒருத்தன் போடு என்கிறான், இன்னொருத்தன் போடாதே என்கிறான் என்று ஒரே குழப்பமாம். அந்தக் காலத்திலேயே இதற்குத் தனியாகத் தட்டு வைத்திருந்தீர்களா, அந்தக் கதையை எழுதிக் கொடுங்கள் சார் என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேர் ஏழுமலை. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். தறிக்குழியில் உட்கார்ந்ததுமே எனக்குத் தூக்கம் வந்துவிடும். நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று எங்கப்பா திட்டுவார். அவர் வாக்கு பாதி பலித்தது. கம்பவுண்டர் டிரெயினிங் எடுத்தேன், நெமிலிப் பக்கம் மாடுகளுக்கு ஊசி போட்டேன், அதுகளிடம் உதை வாங்கினேன், எழுபதுகளின் கடைசியில் ஆம்பூர் பக்கம் வந்து சேர்ந்தேன்.

அங்கே எனக்கு வாய்த்தவர் டாக்டர் தேவசகாயம். ஒல்லியான, உயரமான மனிதர். குரலை உயர்த்தியே பேச மாட்டார். என்னை 'ஏழுமலை' என்று கூப்பிட்டால் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று அர்த்தம். 'ஏழுமலை சார்' என்று கூப்பிட்டால் போச்சு, நான் எதையோ கோட்டை விட்டிருக்கிறேன். வந்த புதிதில் ஒருநாள் முழுக்க நான் சாராகவே இருந்தேன்.

நாயை அவர் பார்க்கிற விதமே தனி. எடுத்ததும் தொட மாட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, குட்டை ஸ்டூலைப் போட்டு நாய் உயரத்துக்கு உட்கார்ந்து, நாயைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நாய் தானாக வந்து அவர் கையை மோந்து பார்க்கும். அதற்கப்புறம்தான் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது, ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி, வெளுத்த இடத்தில் மறுபடி சிவப்பு ஏறுகிறதா என்று பார்ப்பது, ஜுரம் பார்ப்பது எல்லாம். கடைசியாக நாயை விட்டுவிட்டு ஆளைப் பிடிப்பார். "இன்னிக்கு உங்க வீட்ல இன்னா சமையல்?"

இந்தக் கேள்வியால் எத்தனை பேஜார்! டாக்டர் சாப்பாட்டுக்கு அடி போடுகிறார் என்று நினைத்து, ஒரு மளிகைக் கடைக்காரர் மறுநாள் டிபன் கேரியரில் கோழிக் குழம்பு கொண்டுவந்துவிட்டார். டாக்டர் திறந்து மோந்து பார்த்துவிட்டு, பூண்டு ஜாஸ்தி, இதை நாய்க்கு ஊத்தாதீங்க என்று சொல்லி மூடிவிட்டார். அந்தக் குழம்பு எங்கே போனது என்று என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்கு அவர் எனக்குச் சொன்னது இது: "நாய் பேசாது ஏழுமலை. அதனால பொய்யும் சொல்லாது. ஆளுங்க ரெண்டும் செய்வாங்க. ஆனா சமையலப் பத்திக் கேட்டா மட்டும் உண்மைய சொல்லிடுவாங்க."

ஒருநாள் தோல் ஷாப்பிலிருந்து ஒரு நாய் வந்தது. எங்கள் பக்கம் டேனரியைத் தோல் ஷாப் என்றுதான் சொல்வோம். நாயின் பேர் வாட்டில். தோல் பதம் பண்ண ஊறப்போடுகிற மரப்பட்டைக்கு வாட்டில் பட்டை என்று பேர். நாய் அந்தப் பட்டையின் நிறத்திலேயே இருந்ததால் அதே பேரை வைத்துவிட்டார்கள். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் கேட் வாட்ச்மேன் முனிரத்தினம். வயதானவர். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிச் சிரிப்பார். அவருக்குப் பதிலாகப் பேசுவதற்கென்றே வந்தவர் கோவிந்தன் மேஸ்திரி. அவர் மூச்சு விடுவதே அடுத்த வார்த்தைக்காகத்தான்.

வாட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. சமையல் விசாரணை நடந்தது. சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சீவி எடுக்கிற சவ்வை அள்ளித் தின்கிறது, மிச்ச நேரத்தில் பிரியாணிக் கடை எலும்பு என்று மேஸ்திரி சொன்னார். டாக்டர் முகம் சுளித்தார். சவ்வு பக்கமே விடாதீங்க, சோறு போடுங்க, கொஞ்சம் கறி போடுங்க, அதோட வெஜிடபிள் வேக வெச்சு சேருங்க என்றார். மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். வெஜிடபிள்தானே சார், நம்மகிட்டயே மூட்டை மூட்டையா கிடக்குது என்றார். மனிதருக்கு ஏலகிரி மலையில் தோட்டம் ஏதாவது இருக்கும் போல என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

அடுத்த வாரமே வாட்டில் திரும்பி வந்தது. வாயெல்லாம் எச்சில் ஒழுகுகிறது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார், ஜன்னலைப் பார்த்தார், இமையைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். அப்புறம் இன்னா சமையல் என்று கேட்டார்.

மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "நீங்க சொன்னதேதான் சார். கடுக்காயும் பட்டையும் நல்லா வேக வெச்சு, அந்தத் தண்ணிய சோத்துல பெசஞ்சு வெச்சோம். பசங்க தெரியாம க்ரோம் போட்டுடப் போறாங்கன்னு நானே கிட்ட நின்னு பாத்துக்கிட்டேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் தோல் ஷாப்பில் இரண்டே வகைதான். பட்டை, கடுக்காய் போட்டுப் பதம் பண்ணினால் அது வெஜிடபிள். மருந்து போட்டுப் பதம் பண்ணினால் அது க்ரோம். பிறந்ததிலிருந்து தோல் ஷாப்பிலேயே கிடந்த மனிதரிடம் வெஜிடபிள் என்று சொன்னால் அவருக்குக் கேரட்டா ஞாபகம் வரும்? போதாததற்குக் கடுக்காய் வீட்டு வைத்தியத்துக்கும் ஆகிற சாமான். மேஸ்திரிக்குச் சந்தேகமே வரவில்லை.

"ஏழுமலை சார்" என்றார் டாக்டர். நான் ஒன்றுமே செய்யவில்லை, ஆனாலும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். "மேஸ்திரி தோல உரிக்காமலே நாயப் பதம் பண்ணிட்டு வந்திருக்காரு, பாத்தீங்களா?"

நல்லவேளை, நாய் ரொம்ப குடித்திருக்கவில்லை. வயிற்றுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் முனிரத்தினத்தின் லுங்கியைப் பார்த்தேன். நெசவுக்காரன் பிள்ளை அல்லவா, ஆளின் முகத்துக்கு முன்னால் துணிதான் கண்ணில் படும். நல்ல குடியாத்தம் கட்டம் போட்ட லுங்கி. மற்ற பக்கமெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது. வலது ஓரம் மட்டும் நார் நாராகக் கிழிந்து, பல் பட்ட ஓட்டைகளோடு தொங்குகிறது. நாய் கடிச்சுதாண்ணே என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு லாரி காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்தது. எல்லாரும் திரும்பினோம். முனிரத்தினம் மட்டும் திரும்பவில்லை. வயிற்று நோவோடு படுத்திருந்த வாட்டில் எழுந்து, அவர் லுங்கியின் வலது ஓரத்தைக் கவ்வி ஒரு இழுப்பு இழுத்தது. அவர் உடனே ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். அப்புறம் முதல்முறையாக மெதுவான குரலில் விஷயத்தைச் சொன்னார். தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய டிரம்மின் இரைச்சலில் காலமெல்லாம் நின்று முனிரத்தினத்துக்குக் காது போய்விட்டது. மேஸ்திரிதான் சொல்லிக்கில்லி கேட் வேலையில் போட்டிருக்கிறார். கேட்டில் யார் வந்தாலும் வாட்டில் லுங்கியை இழுக்கும், முனிரத்தினம் எழுந்து திறப்பார். முதலாளி ஹாஜியாருக்கு இது தெரியாது. தெரிந்தால், காது கேட்காதவனை யாராவது காவலுக்கு வைப்பார்களா? வீட்டில் அவர் ஒருத்தர் சம்பளம்தான்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நாங்க நாய்க்குத்தான் வைத்தியம் பாக்கறோம். ஆளோட காதைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு வெளியே மாடுகள் வரிசையாக நின்றன. அவசரத்தில் டாக்டர் மேஸ்திரியிடம், வெஜிடபிள்னு சொன்னது என் தப்பு, இனிமே தமிழ்லயே சொல்றேன், காய் போடுங்க, உப்பு, காரம், எண்ணெய் எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மேஸ்திரி அதை முனிரத்தினத்தின் காதில் கத்தினார். காய், காய் என்று வாசல் வரைக்கும் கத்திக்கொண்டே போனார்.

சில மாசம் போனது. வாட்டிலை மறுபடி கொண்டுவந்தபோது அது நடந்து வரவில்லை. தோல் ஏற்றுகிற தள்ளுவண்டியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். முனிரத்தினம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிரிப்பு இல்லை. டாக்டர் ஜன்னலைப் பார்க்கவில்லை, ஸ்டூலையும் தேடவில்லை. நேராகத் தரையில் மண்டிபோட்டு உதட்டைத் தூக்கினார். ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒன்றுக்குக் காப்பி நிறத்தில் போகிறது என்றார் மேஸ்திரி.

உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்றுதான் டாக்டர் முதலில் நினைத்தார். எங்கள் பக்கம் அது சகஜம். காது மடலுக்குள், விரலிடுக்கில், வாலடியில் என்று ஒவ்வொரு இடமாக மயிரைப் பிரித்துப் பார்த்தார். உண்ணி இல்லை. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக் காயவைத்து, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. வெளியே ஒரு எருமை கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டது. கடைசியில் நிமிர்ந்து, பூச்சி இல்ல ஏழுமலை, ஆனா ரத்த அணு உடைஞ்சுக்கிட்டே இருக்கு, உள்ள போனது எதோ உடைக்குது என்றார்.

பிறகு முனிரத்தினத்துக்கு எதிரே உட்கார்ந்து, வாயை நன்றாக அசைத்து, இன்னா சமையல் என்று கேட்டார். நானும் காதருகே போய்க் கத்தினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பெருமையோடு இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

பொட்டலத்தில் இருந்தது வெங்காயம். பொடிசு பொடிசாக நறுக்கி, பளிச்சென்று கழுவின வெங்காயம்.

நடந்தது இதுதான். டாக்டர் காய் என்றதும் முனிரத்தினம் வழக்கமாக எலும்பு வாங்குகிற பிரியாணிக் கடைக்குப் போய்க் காய் கேட்டிருக்கிறார். ஆம்பூர் பிரியாணிக் கடையில் காய் ஏது? தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் உண்டு, அதில் எண்ணெய், காரம், புளி எல்லாம் மிதக்கும். டாக்டர் கூடாது என்று சொன்னதெல்லாம் ஒன்றும் மிச்சமில்லாமல் அதில் இருக்கிறது. வேண்டாம் என்று இவரே ஒதுக்கிவிட்டார். மிச்சம் இருந்தது வெங்காயம் போட்ட தயிர்ப் பச்சடி. அதை வாங்கிவந்து, உப்பு ஒட்டக்கூடாது என்று தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, தினமும் சோற்றில் பிசைந்து, பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்து ஊட்டியிருக்கிறார். இது காய்தானா என்று மேஸ்திரியையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்.

"வெங்காயத்துல காய் இருக்குதில்ல சார்?" என்றார் மேஸ்திரி. அவர் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அதுல காய் இல்ல மேஸ்திரி, காயம்தான் இருக்கு" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார். வெங்காயம், பூண்டு ரெண்டும் நாய் ரத்தத்துக்கு ஆகாது, பச்சையா போட்டாலும் வேக வெச்சாலும் ஆகாது, அதை முதல்லயே நான்தான் சொல்லியிருக்கணும் என்றார்.

குளுக்கோஸ் ஏற்றினோம். லிவர் ஊசி போட்டோம். ரோட்டோரத்து ஷெட்டில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தோம். இனி புது ரத்தத்தை அதன் உடம்புதான் ஊறவைக்க வேண்டும், நாம் காத்திருப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை என்றார் டாக்டர். முனிரத்தினம் வேலை முடிந்ததும் வந்து அதன் பக்கத்தில் குந்திக்கொள்வார். அந்த நாட்களில் கேட்டில் யாராவது வந்தால் மேஸ்திரிதான் ஓடிப்போய் அவரைத் தட்டிச் சொல்வாராம்.

இதற்கு நடுவில் மேஸ்திரி ஒரு சேதி கொண்டுவந்தார். வாட்டில் பிழைக்காது என்று ஹாஜியார் காதுக்குப் போய்விட்டதாம். பெங்களூரிலிருந்து நல்ல ஜாதி நாயாக ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறாராம். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. கேட்டுக்கு ஒரு நாய் போனால் இன்னொரு நாய் என்று நினைத்து, கவலப்படாதண்ணே, வேற நாய் வருதாம் என்று முனிரத்தினத்தின் காதில் கத்தினேன்.

அவர் வாட்டிலின் தலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "வேற நாய்க்கு என் காது தெரியாது தம்பி."

நான் மருந்து கலக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் டாக்டர் என்னை மார்க்கெட்டுக்கு அனுப்பினார். ஆபரேஷன் அறையிலிருந்து பெரிய எனாமல் தட்டை எடுத்து, நடுவில் பேண்டேஜ் துணியைக் கயிறு மாதிரி திரித்துப் போட்டார். ஒரு பக்கம் கேரட், பீன்ஸ், பரங்கிக்காய் கீற்று, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. இன்னொரு பக்கம் வெங்காயம், பூண்டு, பச்சை பாய்ந்து முளைவிட்ட உருளைக்கிழங்கு. மக்காச்சோளக் கட்டையும் அந்தப் பக்கம்தான், அது குடலில் போய் அடைத்துக்கொள்ளும். முனிரத்தினத்தைக் கூப்பிட்டு எதிரே நிற்கவைத்தார். இனி நான் வாயத் திறக்கப் போறதில்ல ஏழுமலை, நான் வாயத் திறந்தாலே அந்த நாய்க்கு ஆபத்து என்றார்.

பிறகு அந்த மனிதர் செய்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். கேரட்டை எடுத்துக் காட்டினார். வேகவைப்பது போல, மசிப்பது போல, ஒரு பிடி சோற்றில் கொஞ்சமே கொஞ்சம் கலப்பது போலக் கையால் செய்தார். நாய் மாதிரி நாக்கைச் சுழற்றிச் சாப்பிட்டு, ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் வாலாட்டினார். அடுத்து வெங்காயத்தை எடுத்து ஒரு கடி கடிப்பது போலச் செய்து, கண் செருகி, நாக்கைத் தொங்கப் போட்டு, மேசை மேல் பொத்தென்று தலையைச் சாய்த்துச் செத்துப்போனார். குரலை உயர்த்திப் பேசாத மனிதர்! வாசலில் மாட்டோடு நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். அத்தனை நாளுக்கப்புறம் முனிரத்தினம் அன்றைக்குத்தான் சிரித்தார். அப்புறம் ஒவ்வொரு காயாகத் தொட்டு, இது ஆகும், இது ஆகாது என்று அவரே நடித்துக் காட்டிவிட்டுப் போனார். தட்டுக்கு அடியில் பேர் எழுதினவன் நான்தான். அதற்கப்புறம் காது நன்றாகக் கேட்கிறவர்கள் நாயைக் கொண்டுவந்தாலும் தட்டைக் காட்டாமல் நாங்கள் அனுப்பியதில்லை.

வாட்டிலின் ஈறில் லேசாகச் சிவப்பு ஏற ஆரம்பித்தது. ஆனால் எழுந்து நிற்கவில்லை. பரங்கிக்காய் சோற்றைப் படுத்த வாக்கிலேயே நக்கும், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் முனிரத்தினம் ஷெட்டில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கோவிந்தன் மேஸ்திரி என்னோடு பேசிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு அம்பாசடர் கார் வந்து நின்று, நீளமாக ஹாரன் அடித்தது. மேஸ்திரிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஹாஜியார் கார். முனிரத்தினம் அசையவில்லை. காருக்குள்ளிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற தூரம்தான்.

வைக்கோலில் சலசலப்பு கேட்டது. வாட்டில் முன்னங்காலை ஊன்றியது. நடுங்கிக்கொண்டே பின்னங்காலையும் ஊன்றி எழுந்து, தள்ளாடி ஒரு அடி வைத்து, லுங்கியின் வலது ஓரத்தைக் கவ்வி இழுத்தது. முனிரத்தினம் சட்டென்று திரும்பி, காரைப் பார்த்து, விழுந்தடித்து ஓடிப்போய் சலாம் வைத்தார். நாய் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

ஹாஜியார் காரை விட்டு இறங்கவில்லை. தொழுகைக்குப் போகிற வழி, நாய் மேலே பட்டுவிடக்கூடாது. கண்ணாடியை மட்டும் இறக்கினார். டாக்டரும் மேஸ்திரியும் நானும் போய் நின்றோம். நாய் பிழைக்குமா என்று கேட்டார். பிழைச்சிடுச்சு என்றார் டாக்டர். அப்படின்னா பெங்களூர் நாய் வேணாம்னு சொல்லிடறேன் என்றார் ஹாஜியார்.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. நல்ல ஜாதி நாயாச்சே, வந்தா கேட்டுக்கு நல்லதுதானே என்று ஆழம் பார்த்தார்.

ஹாஜியார் லேசாகச் சிரித்தார். "டாக்டர் சாப், நான் கேட்டுக்கு வந்து ஹாரன் அடிக்கிறது யாருக்குன்னு நினைச்சீங்க? முனிரத்தினத்துக்கா? அவனுக்குத்தான் காது போயி ரொம்ப காலமாச்சே. நான் நாய்க்குத்தான் அடிக்கிறேன். இது போய்ட்டா அவன் தனியா இன்னா பண்ணுவான்னு பயந்துதான் பெங்களூருக்குச் சொல்லி வெச்சேன். அவன்கிட்ட சொல்லிடாதீங்க, கூச்சப்படுவான்."

மேஸ்திரி வாயைத் திறந்தபடி நின்றார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வராததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனைக்கும் முனிரத்தினம் எங்கள் பக்கத்திலேயே, நெற்றியில் வைத்த கையை எடுக்காமல், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிச் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

முனிரத்தினம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, ஓனர் இன்னா சொன்னாரு?"

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னலே இல்லாத இடத்தில் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் முனிரத்தினத்தின் காதருகே குனிந்து, நாய்க்கு வெங்காயம் போடாதேன்னு சொன்னாருண்ணே என்று கத்தினேன்.

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "ஐயையோ, அவருக்கும் தெரிஞ்சிபோச்சா?"

"எப்பவோ தெரியும்ணே" என்றேன்.